முதல் தேர்விலேயே பிட்சரை எடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் அலுவலக நண்பர்கள் நடத்தும் 12 அணி ஃபேன்டசி பேஸ்பால் லீக்கில் (நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டப் புள்ளிவிவரங்களால் போட்டியிடுவது), ஐந்துக்கு ஐந்து ரொட்டிசரி முறை; அதாவது மட்டையாட்டத்தில் ஐந்து, பந்துவீச்சில் ஐந்து என ஒவ்வொரு பிரிவிலும் அணி பிடிக்கும் இடத்துக்கேற்பப் புள்ளி. அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எனக்குக் கடைசி இடம். முதலில் நல்ல பிட்சரை (பந்து வீசுபவரை) எடுக்கச் சொல்கிறார்கள். வீரர்களைத் தரவரிசைப்படுத்திக் காசுக்கு விற்கும் பட்டியல் ஒன்றையும் வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். சுற்றுக்குச் சுற்று வரிசை திரும்புவதால் 12, 13 ஆகிய தேர்வுகள் உங்களுக்கு அடுத்தடுத்து வரும். அதற்குப் பிறகு 36 வரை காத்திருக்க வேண்டும், இடையில் 22 வீரர்கள் போய்விடுவார்கள். ஆகவே, "இவர் வழக்கமாக 25ஆவதாகத்தான் போவார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு உங்களுக்கு உதவாது.

அந்த இரண்டு தேர்வுகளிலும் மட்டையாளர்களையே எடுங்கள். ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டீல் (அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), சராசரி ஆகிய ஐந்துக்கும் ஒரே மட்டையாளர் பயன்படக்கூடும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சரிடம் சேவ் (முன்னிலையைக் கடைசியில் காத்து முடிப்பதற்கான கணக்கு) கிடைக்காது; பந்துவீச்சின் மற்ற நான்கு பிரிவுகளும் அவருடைய முழங்கையை நம்பியே இருக்கின்றன. 2023இல் 281 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்த பிட்சர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை மறு ஆண்டு பலர் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். அவரோ இரண்டே ஆட்டங்களோடு அறுவைச் சிகிச்சைக்குப் போனார். உங்கள் முதல் பிட்சர் 36 அல்லது 37இல் வரட்டும்.

வேகமாக ஓடி ஸ்டீல் எடுப்பதை மட்டுமே நம்பியவருக்கும் முதல் சுற்றுகளில் இடம் தர வேண்டாம். 2023இல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பிக்காஃப் (பேஸில் நிற்பவரை வெளியேற்றப் பிட்சர் பந்தை அங்கே எறிவது) முயற்சிகளுக்கும் வரம்பு விதித்த பின், மேஜர் லீக்கின் மொத்த ஸ்டீல்கள் ஒரே ஆண்டில் 2,486இலிருந்து 3,503 ஆகிவிட்டன; ஸ்டீல் இப்போது அவ்வளவு அரிய சரக்கல்ல.

பட்டியல் விற்பவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டச் செயலுக்கும் நேரடியாகப் புள்ளி தரும் லீக்குக்கும் ரொட்டிசரிக்கும், பத்து அணிக்கும் பதினைந்து அணிக்கும் ஒரே பட்டியலை அட்டை மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். பிப்ரவரியில் அச்சிட்ட குளோசர் (ஆட்டத்தை முடித்துச் சேவ் எடுக்கும் பிட்சர்) வரிசை மார்ச் பயிற்சி ஆட்டங்களுக்குள் பழசாகிவிடும். வீரர்கள் சராசரியாக எந்த இடத்தில் எடுக்கப்படுகிறார்கள் என்ற விவரம் இலவசமாகவே கிடைக்கும்போது, அதையே வண்ணம் பூசிக் கொடுப்பவருக்கு எதற்குப் பணம்?

மட்டையும் பிடித்து, பந்தும் வீசும் ஷோஹெய் ஒஹ்தானி மட்டும் தனிக் கதை. 2024இல் பந்தே வீசாமல் 54 ஹோம் ரன்னும் 59 ஸ்டீலும் எடுத்தவர் உங்கள் முறை வரை மிஞ்சமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சில தளங்கள் அவரை மட்டையாளர், பிட்சர் என இரண்டு வீரர்களாகப் பிரித்திருக்கின்றன. மட்டையாளர் முன்பே போயிருக்க, பிட்சரின் பெயர் மட்டும் பட்டியலில் மின்னிக்கொண்டிருக்கும். பெயரைப் பார்த்த பரவசத்தில் அழுத்திவிட்டால், நான் வேண்டாம் என்ற பிட்சரே உங்கள் கையில் இருப்பார். வேறு சில தளங்களில் அவர் ஒரே வீரர்தான். அங்கும் இரு கணக்கும் சேர்ந்து வருமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பது லீக்குக்கு லீக் மாறும். இதற்கொரு பொது விதி வகுக்க இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை! லீக் நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிராஃப்டுக்கு முன்பே ஆறேழு பெயர்களைத் தளத்தின் காத்திருப்பு வரிசையில் ஏற்றிவிடுங்கள். நேரம் தவறினால் தளமே தன் சொந்த வரிசைப்படி ஒருவரை எடுத்துக் கொடுத்துவிடும். உங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு தேர்வு என்பதால், ஒரே தடுமாற்றத்தில் இரண்டும் போகும்.