தெம்பு என்னுடையதா, நோயினுடையதா?

மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 27. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் பைபோலார் (மனநிலை சில காலம் அளவுக்கு மீறி எழும்பி, சில காலம் சோர்ந்துபோகும் நோய்) என்று சொன்னார்கள். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் லோரி நம்பரை நாலு தடவை பார்க்காமல் சீட்டை அச்சுக்கு விட மனம் வரவில்லை. கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் அம்மா, "மாத்திரை போட்டியா?" என்கிறார். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்திருக்கிறேன். கணக்கியல் பட்டம் படிக்க ஆசை. படிக்கலாமா, தலைக்கு மேல் போய்விடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: படிக்கலாம், சகோதரி. எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் வேலை இடத்துச் சந்தேகம். பைபோலார் வந்து தேறியவர்களுக்கு இது பெரிய வேதனை. சோர்ந்தால் நோயோ என்று பயம், தெம்பாக இருந்தாலும் அதே பயம். மனநிலையை வைத்து இதற்கு விடை காண முடியாது. தூக்கத்தைப் பாருங்கள். வேலை நன்றாக நடந்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு இரவானால் அசதி வரும், தூங்குவார். நோயின் எழுச்சியில் நாலைந்து மணி நேரம் தூங்கினாலே போதும் என்றிருக்கும், அசதியே தெரியாது. பேச்சு வேகமாகும், கைப்பேசியில் பொருள் வாங்குவது கூடும், ஒரே நாளில் மூன்று புதுத் திட்டம் வரும். இப்படி இரண்டு இரவு தொடர்ந்தால் அடுத்த தவணைத் தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் நாலு விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், மனநிலை (மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை ஓர் எண்), வேலையில் உண்மையாக நடந்த பிழை. எட்டு வாரம் கழித்துப் புரட்டுங்கள். ஏழு மணி நேரம் தூங்கிய, பிழையில்லாத, தெம்பான நாள்கள் எத்தனை என்று தெரியும். அந்தத் தெம்பு உங்களுடையது. அம்மாவிடமும் நோட்டைக் காட்டி, மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவருடைய கவலைக்கும் அதுதான் சரியான கேள்வி.

மனச்சோர்வு விலகிய பிறகும் கவனமும் ஞாபகமும் சில காலம் மந்தமாக இருப்பது இந்த நோயில் உண்டு. அதற்காக நாலு தடவை பார்த்தால் சந்தேகம்தான் வளரும். இரண்டு தடவை போதும், ஆனால் இரண்டும் வேறு வேறு விதமாக இருக்கட்டும். முதல் தடவை, நம்பர் பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாவது தடவை, எடையைப் பாருங்கள். ஒரே லோரியின் வெற்று எடை நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. மாறியிருந்தால் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிறதா, உதவியாள் இறங்கவில்லையா என்று பாருங்கள். பிறகு அச்சடித்துவிட்டு அடுத்த லோரியைக் கூப்பிடுங்கள்.

ஆலை வெயிலில் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மறக்கக் கூடாதவை சில உண்டு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். வயிற்றுப்போக்கு, வாந்தி, தைப்பூச விரதத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் இதில் சேரும். மாதவிலக்கு வலிக்குப் பலரும் கேட்டு வாங்கும் போன்ஸ்டான், இபுபுரோஃபென், டிக்லோஃபெனாக் ஆகியவையும் அளவை ஏற்றும். வலிக்குப் பனடோல் போதும். கை அதிகமாக நடுங்கி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனை, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் சரியாகக் காட்டும். பெரும்பாலோருக்கு இரத்தத்தில் லித்தியம் அளவை லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம்.

இனி படிப்பு. நேரே பட்டத்துக்குப் பதிய வேண்டாம். உங்கள் ஊர்ச் சமூகக் கல்லூரியிலேயே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன, கட்டணமும் குறைவு. அங்கே கணக்குப் பதிவோ கணினியோ ஒன்று முடியுங்கள். அந்த வாரங்களிலும் நோட்டை எழுதுங்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

எஸ்.பி.எம். மட்டும் இருப்பது தடையில்லை. 21 வயது ஆகி, துறை சார்ந்த வேலை அனுபவமும் இருந்தால் அப்பெல் (முன் அனுபவத்தைக் கல்வித் தகுதியாக ஏற்கும் முறை) வழியாகப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது போதும். திறனறித் தேர்வு உண்டு. அனுபவத்தைக் காட்டும் கோப்பும் தயாரிக்க வேண்டும். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வேலையோடு படிப்பவர்களுக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருந்தும். சேரும் முன்பே, உடல்நலக் காரணத்தால் ஒரு பருவத்தை ஒத்திவைத்தால் கட்டணம் என்னாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் விடுகிற பலரை முடக்குவது பாடத்தைவிட இந்தப் பண இழப்புதான்.

முதல் பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். இரவு 9.30க்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். விழித்துப் படித்த ஓர் இரவு உங்களுக்கு எழுச்சியைக் கொண்டுவரலாம். எனர்ஜி பானம் வேண்டாம், காப்பியைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், ஏனென்றால் லித்தியம் அளவு மாறும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கத் தேதி வாங்குங்கள்.

கட்டணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் முடிவெடுத்த அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். 14 இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகும் அதே ஆசை அதே அளவில் இருந்தால் போடுங்கள்.

வகுப்பு நாளில் மட்டும் நேரம் மாற்றித் தர வேண்டுமென்றால், 1955 வேலைச் சட்டத்தின் 60P பிரிவின் கீழ் எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் படிப்பைக் குறிப்பிட்டால் போதும், நோயின் பெயரை எழுதத் தேவையில்லை.

கேள்வி: தம்பிக்கு 24 வயது. கையுறைத் தொழிற்சாலையில் வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறது. பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுகிறான். "எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரை வேண்டாம்" என்கிறான். தஞ்சோங் ரம்புத்தான் (மனநல மருத்துவமனை உள்ள ஊர்) என்று கேலி செய்வார்களாம்.
– அக்காள், ஈப்போ

பதில்: லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் எழுச்சி திரும்பும் ஆபத்து அதிகம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவர் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பார். "அவரிடமே கேட்போம், வா" என்று கூட்டிப் போங்கள், வாதாடாதீர்கள். அதைவிட அவசரம் ஷிப்ட். மாறி மாறி வரும் இரவு வேலை இந்த நோய்க்கு ஆகாது. நிரந்தரப் பகல் ஷிப்ட் வேண்டுமென மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். "தூக்கம் தொடர்பான சிகிச்சை, இரவு வேலை கூடாது" என்ற அளவில் எழுதினால் போதும். கேலிக்குப் பயந்து அங்குள்ள உலு கிந்தா மருத்துவமனைக்குப் போகத் தயங்கினால், மெந்தாரி என்ற அரசாங்க மனநல மையங்கள் ஊர்ப்புறங்களிலேயே கடைவரிசை, கிளினிக் போன்ற இடங்களில் இயங்குகின்றன. வேலை தேடித் தந்து, சேர்ந்த பிறகும் உடன் நின்று உதவும் திட்டமும் அங்கே உண்டு. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

கேள்வி: ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தால் வேலை கிடைக்காதா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: அட்டை எடுப்பது கட்டாயமில்லை, உங்கள் விருப்பம். மனநலப் பிரிவில் பதிய, பொதுவாக இரண்டு வருடமாவது மனநலச் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். அரசாங்க வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு என்ற கொள்கை இருக்கிறது. குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சமூகநலத் துறையின் மாத உதவித்தொகையும் உண்டு. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பயன்படும் என்றால் எடுங்கள். தனியார் வேலைக்கு மட்டுமே போகிறீர்கள், சம்பளமும் போதுமானது என்றால் அவசரமில்லை.