கர்ப்பமா இருக்கும்போது வெந்நியில குளிக்கலாமா? எவ்வளவு சூடு வரைக்கும் பரவாயில்ல?

மூணு மாசம் முடிஞ்சிருக்கு, மாமியார் பச்சத்தண்ணி போதும்ங்கிறாங்க, அம்மா சுடச்சுட குளிங்கிறாங்க, யார் பேச்ச கேக்கன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் சொல்றது பாதிப்பாதிதான் சரி. இளஞ்சூட்டுல தாராளமா குளிக்கலாம், இடுப்பு வலிக்கு நல்ல சுகமாவும் இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒடம்போட உள்சூடத்தான். அது 39 டிகிரிய, அதாவது நம்ம காய்ச்சல் பாக்குற கணக்குல 102அ, தாண்டக்கூடாதுன்னு டாக்டர்மார் சொல்லுவாங்க. கொழந்தையோட மூளையும் தண்டுவடமும் ஆகப்போற நரம்புக்குழாய் கரு தங்கி நாலு வாரத்துக்குள்ள மூடிரும், அந்த நேரத்துல சூடு ரொம்ப ஏறினா அது சரியா மூடாம போக வாய்ப்பு கூடுது, போலிக் ஆசிட் மாத்திர மொதல்லயே தர்றதும் இதுக்காகத்தான். நீங்க அந்தக் கட்டத்த தாண்டியாச்சு, அதுக்காக இனி கொதிக்கக் கொதிக்க ஊத்தலாம்னு இல்ல.

வெளிநாட்டுக்காரங்க பயப்படுறது 40 டிகிரி தண்ணியில கழுத்து வரைக்கும் முங்கி உக்காருற ஹாட் டப்புக்கு, அதுக்குள்ள இருந்தா வேர்த்தாலும் சூடு வெளிய போகாது. நம்ம வாளியில கோரி ஊத்துறோம், ஊத்துன தண்ணி வழிஞ்சு போயிரும், உள்சூடு அவ்வளவு லேசுல ஏறாது. ரிசார்ட்டுக்குப் போனா டப், ஸ்டீம் பாத் பக்கம் மட்டும் போகாதீங்க.

எனக்கு நம்ம வீடுகள்ல பயமே வேற. தக்கலை பக்கம் எங்க வீட்டுல ஆடிச் சாரலுக்கு கொதும்பும் மட்டையும் வச்சு சருவம் நெறைய வெந்நி போடுவாங்க, அத வயித்துப்பிள்ளக்காரி தூக்கவே கூடாது, யாராவது கொண்டு வச்சுத் தரட்டும். வாளியில பச்சத்தண்ணிய மொதல்ல விட்டுட்டு வெந்நிய ஊத்தி வெளாவுங்க, முழங்கைய முக்கிப் பாருங்க, சுள்ளுன்னு இருந்தா இன்னும் ரெண்டு கப்பு பச்சத்தண்ணி. தோல் செவந்தாலோ வேர்த்தாலோ சூடு கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஹீட்டர் ராடு போடுறவங்க சுவிட்ச ஆப் பண்ணி பிளக்க உருவாம தண்ணியத் தொடாதீங்க.

சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் எறங்கும், மாசமா இருக்கும்போது ஏற்கனவே கொஞ்சம் கொறஞ்சுதான் இருக்கும், தல சுத்துறது அதனாலதான். குளிமுறியில ஆவி நிக்காம ஜன்னல் தொறந்திருக்கட்டும், ஸ்டூல் போட்டு உக்காந்து குளிங்க, மெதுவா எந்திரிங்க, உள்ள கொண்டி போடாதீங்க. பாட்டிமார் எல போட்டுக் கொதிக்கவச்ச வேதுத்தண்ணின்னு ஆரம்பிச்சா, அது பிள்ள பெத்தவளுக்கு உள்ளது பாட்டின்னு சிரிச்சுகிட்டே நழுவிருங்க.

காய்ச்சல் இருந்தா வெந்நிக்குளி வேண்டாம், டாக்டர்ட்ட காட்டுங்க. ரத்தம் பட்டாலோ பனிக்குடம் ஒடஞ்ச மாதிரி தண்ணி போனாலோ, குளிச்சிட்டுப் போவோம்னு நிக்காம அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க.