ஏஓடிவி இடையில் அறுந்தால் ஓஎல்எஸ்ஆருக்கு மாறலாமா?

கேள்வி: 25 சிறிய ரோபோக்கள், நடுவில் அக்சஸ் பாயின்ட் கிடையாது, வைஃபை அட்ஹாக் முறையில் ஒன்றோடொன்று பேசுகின்றன. எல்லாமே ஒரே தள நோடுக்குத்தான் (நோடு என்றால் வலையில் உள்ள ஒரு கருவி) தகவல் அனுப்பும். தேவைப்படும்போது மட்டும் வழி தேடும் ஏஓடிவி (AODV) என்ற வழித்தேர்வு நெறிமுறையைப் போட்டிருக்கிறேன். ரோபோக்கள் நகரும்போது இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு பாக்கெட்டும் வந்து சேர்வதில்லை. ஓஎல்எஸ்ஆர் (OLSR) என்ற இன்னொரு நெறிமுறைக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். இயல்பு அமைப்பிலேயே ஓட்டினால் இன்னும் மோசமாகத்தான் போகும்.

ஏஓடிவியின் 2003 விவரக்குறிப்பில், நோடு தான் இருப்பதைப் பக்கத்து நோடுகளுக்குச் சொல்லும் ஹலோ செய்தி 1 வினாடிக்கு ஒருமுறை, 2 ஹலோ தவறினால்தான் இணைப்பு அறுந்ததாகக் கணக்கு. நீங்கள் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான், அதற்குப் பிறகுதான் புது வழி தேடும் வேலையே ஆரம்பிக்கிறது. ஓஎல்எஸ்ஆரில் ஹலோ 2 வினாடிக்கு ஒருமுறை, பக்கத்து நோடு போய்விட்டது என்று முடிவுகட்ட 6 வினாடி. வழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும், சரி, ஆனால் அந்த 6 வினாடியும் செத்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஹலோ இடைவெளியைக் குறைக்கலாமே என்று தோன்றும். ஓரளவுக்குச் செய்யலாம், ரொம்பக் குறைத்தால் நெரிசலில் 2 ஹலோ மோதிக் காணாமல் போனாலே நல்ல இணைப்பையும் அறுந்ததாக நினைத்து வழிதேடல் வெள்ளத்தைக் கிளப்பிவிடும், அந்த வெள்ளமே நெரிசலைக் கூட்டும். அதைவிட, வைஃபை அடுக்கு தரும் தகவலைப் பயன்படுத்துங்கள்: பலமுறை அனுப்பியும் அக் (பாக்கெட் கிடைத்தது என்னும் பதில்) வரவில்லையென்றால் உடனே ஏஓடிவிக்குச் சொல்ல வைக்கலாம்.

இன்னொரு கோளாறு இருக்கிறது, பலரும் கவனிக்காதது. ஏஓடிவி வழி எவ்வளவு புதியது என்பதையும் தாவல் எண்ணிக்கையையும் (நோடிலிருந்து நோடுக்கு எத்தனை முறை தாண்டுகிறது) மட்டும்தான் பார்க்கும், இணைப்பின் தரத்தைப் பார்க்காது. இரண்டு தாவலில் நன்றாகப் போகிற வழி இருந்தாலும், சிக்னல் எட்டும் தூரத்தின் விளிம்பில் தொங்கும் ஒரே தாவலைத்தான் பிடிக்கும். ஹலோவும் வழிதேடும் செய்தியும் பிராட்காஸ்டாக (சுற்றியுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில்), பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் போன்ற குறைந்த வேகத்தில் போவதால் தூரம் எட்டும். உங்கள் தரவு 24 எம்பிபிஎஸ்ஸில் போகும்போது அதே இணைப்பு தாங்காது. அட்டவணையில் பக்கத்து நோடு உயிரோடு இருக்கும், தரவு மட்டும் சேராது!

இதற்கு ஈடிஎக்ஸ் (ETX) அளவீட்டைச் சிபாரிசு செய்வார்கள், ஒரு பாக்கெட் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற சராசரி அது. நிலையாக நிற்கும் நோடுகளுக்கு அருமையானது, ஆனால் சராசரி எடுக்க நேரம் பிடிக்கும் என்பதால் ஓடுகிற ரோபோவுக்கு அது பழைய செய்தி. உங்களுக்கு எளிய வழி போதும்: சிக்னல் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் அந்த வழிதேடும் செய்தியை ஏற்காமல் விட்டுவிடுங்கள், வரம்பைச் சோதித்து வையுங்கள். முடிந்தால் பிராட்காஸ்ட் வேகத்தையும் கூட்டுங்கள்.

எல்லா நோடும் எல்லா நோடோடும் ஓயாமல் பேசும் நிலை வந்தால் ஓஎல்எஸ்ஆரை யோசிக்கலாம். டிஎஸ்ஆர் (DSR) என்ற நெறிமுறையும் வேண்டாம், முழுப் பாதையையும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சுமக்கும், வேகமாக நகரும்போது அதன் சேமிப்பில் காலாவதியான பாதைகளே நிறைந்திருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் மூன்று நேரங்களைப் பதிவு செய்யுங்கள்: கடைசிப் பாக்கெட் சேர்ந்தது, அறுந்தது தெரிந்தது, புது வழிக்குப் பதில் வந்தது. முதல் இடைவெளி பெரிது என்றால் அக் திருத்தம் செய்யுங்கள், இரண்டாவது பெரிது என்றால் வழிதேடல் நெரிசல்தான் காரணம். வழி அறுந்துபோகாமல் பாக்கெட் மட்டும் காணாமல் போனால் சிக்னல் வரம்பிலிருந்து ஆரம்பியுங்கள்.