கீமோ, ரேடியேஷன், நடுவில் மனசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கிறேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பயம் இன்னும் பெரிதாகிறது. மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) எனக்குச் சரிப்படாதோ?

அப்படியானால் கண்ணைத் திறந்தே வையுங்கள். மூச்சும் கட்டாயமில்லை, கையிலிருக்கும் டம்ளரின் சூடு போதும். பயம் வந்தால் துரத்த வேண்டாம். ‘பயம் வந்திருக்கு, நெஞ்சு இறுகுது’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு டம்ளருக்குத் திரும்புங்கள். இரண்டு நிமிடம் போதும். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தால் பாதம் மரத்திருந்தால், தியான ஆடியோவில் ‘பாதத்தைக் கவனியுங்கள்’ என்று வருமிடத்தைத் தாண்டிவிடுங்கள். பயம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

தொண்டையில் புற்றுநோய். ரேடியேஷன் மாஸ்க்கை முகத்தில் மாட்டி மேசையோடு இறுக்கும்போது மூச்சு முட்டுகிறது. பாதியில் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். முதலில் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். மாஸ்க் வலை மாதிரிதான், துளைகள் வழியே மூச்சு விடலாம். வெளியே கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை உயர்த்தினால் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே வருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு, சைகையைப் பேசி வையுங்கள். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் இறங்கும். சிலருக்குக் கண் பகுதியை வெட்டித் தரவும் முடியும்.

அப்புறம், வீட்டில் கட்டிலில் மல்லாந்து படுத்து ஒத்திகை பாருங்கள். மூச்சை வெளியே விடும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். விட்டுப்போனால் மறுபடி ஒன்று. அங்கே மெஷின் சுற்றும், நிற்கும், மறுபடி ஓடும். அந்தச் சத்தத்தையும் கவனிக்கலாம். இதெல்லாம் செய்தும் தாங்கவில்லையா? பதற்றத்துக்கு மாத்திரை கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீமோ அன்று இரவு தியானம் செய்தும் தூக்கமே இல்லை.

குமட்டலுக்குத் தரும் டெக்ஸாமெதசோன் தூக்கத்தைக் கெடுக்கும். தியானத்தின் மேல் தப்பில்லை. மாத்திரையைக் காலையிலேயே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

‘பாசிட்டிவா இருங்க, தியானம் பண்ணுங்க, கட்டி கரைஞ்சிடும்’ என்று அப்பாவிடம் உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

கரையாது. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979இல் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியே நாள்பட்ட வலி, மன அழுத்தத்தோடு வாழ்பவர்களுக்காக வந்தது. புற்றுநோய் மருத்துவர்களின் ஆஸ்கோ சங்கம் பங்கேற்று 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் சிகிச்சையில் இருப்பவர்களின் பதற்றம், மனச்சோர்வுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறது. நோயாளியைச் சிரிக்கச் சொல்லி நெருக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அப்பா அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். ‘உயிரோடு இருந்து என்ன’ என்கிற மாதிரி பேசினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான்: தியானமெல்லாம் அப்புறம், நேரே ஆஸ்பத்திரி.