மழை கொட்டும் இரவில் மின்சாரம் இருக்காது: தானியங்கி மழைநீர் சேகரிப்பு பற்றிய கேள்வி-பதில்

நீர்த்தட்டுப்பாடுள்ள ஒரு கிராமத்துக்காக மழைநீர் சேகரிப்புத் திட்டம் செய்கிறேன். கலங்கிய முதல் மழைநீரைச் சென்சார் கண்டறிந்து, சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) அதை வெளியே திருப்பிவிடும். இது சரியாக வருமா?
— பொறியியல் மாணவர், திருநெல்வேலி

ஆய்வுக்கூட மேசையில் அழகாக வரும். கூரையில் வராது. கடையில் எளிதாகக் கிடைக்கும் சொலினாய்டு வால்வுகளில் பல, திறப்பதற்கே ஓரளவு நீரழுத்தம் கேட்பவை. கூரைக் குழாயில் மழைநீர் குழாயை நிரப்பிக்கொண்டு இறங்குவதில்லை, உட்சுவரை ஒட்டி வழிகிறது. அழுத்தம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, ஒரு வேப்பிலைக் காம்பு சிக்கினாலே அந்த வால்வு மூடாது. வால்வு இருந்தே ஆக வேண்டுமென்றால் மோட்டாரில் சுழலும் பந்து வால்வைப் பாருங்கள்.

முதல் நீரை ஒதுக்கும் வேலையை மின்சாரம் இல்லாமலே செய்யலாம் என்பதுதான் என் கட்சி. 1,000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 93 லிட்டர். தூசியும் பறவை எச்சமும் பெரும்பாலும் இந்த முதல் நீரோடு வந்துவிடும். கூரை மிக அழுக்காக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் ஒதுக்குங்கள். கூரைக் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து 100 லிட்டர் டிரம்மில் விடுங்கள். டிரம் நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து எழுந்து வாயை அடைக்கும், அடுத்து வரும் நீர் தானாகத் தொட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை இருந்தால் சில மணி நேரத்தில் வடிந்து, அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். இதுவும் தானியங்கிதான்! பல வீடுகளில் நான்கு அங்குலக் குழாயை ஒரு மீட்டர் தொங்கவிட்டு, முதல் மழையைக் கழித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதில் பிடிப்பது எட்டு லிட்டர் சொச்சம்.

சென்சாரைத் தொட்டியின் நீர்மட்டம் அறிய வைத்துக்கொள்ளுங்கள். மூடிய தொட்டிக்குள், எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் மீயொலிச் சென்சாரின் முகத்தில் நீராவி படிந்து தப்புக் கணக்குச் சொல்லும். நீருக்குள் மூழ்கும் அழுத்தச் சென்சார் விலை கூடுதல், ஆனால் நம்பலாம்.

எங்கள் பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர். எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது?
— ஆசிரியை, பரமக்குடி

கூரையை வைத்துக் கணக்குப் போட்டால் பயந்துவிடுவீர்கள். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர், அதில் எண்பது விழுக்காடு கைக்கு வரும் என்றால் 1,28,000 லிட்டர். அவ்வளவுக்கும் தொட்டி கட்டப் பணம் ஏது? தேவையிலிருந்து தொடங்குங்கள். 150 பிள்ளைகள், ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், மழையில்லாத 60 பள்ளி நாட்கள்: 18,000 லிட்டர். 20,000 லிட்டர் தொட்டி போதும். உங்கள் கூரையில் 125 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓரளவு பெய்தாலே அது கிடைத்துவிடும். மிஞ்சுவதை ஊருணிக்கோ கிணற்றுக்கோ விடுங்கள்.

சம்ப் நிரம்பியதும் நீரைக் கிணற்றுக்குத் திருப்ப ஒரு நிறுவனம் கட்டுப்பாட்டுப் பெட்டி விற்கிறது. வாங்கலாமா?
— குடியிருப்போர் சங்கம், வேளச்சேரி

வேண்டாம். சம்ப்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்வரும் குழாய்க்குக் குறையாத அளவில் ஒரு வழிந்தோடும் குழாய் வைத்துக் கிணற்றுக்கு இறக்குங்கள். தெருவெள்ளம் திரும்பி வராமல் ஒருவழி வால்வு போதும். மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். அப்போது போட்ட வடிகட்டிக் குழியைத் திறந்து பார்த்தீர்களா? சேறு ஏறிய மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவ ஆகும் கூலி, அந்தப் பெட்டியின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எங்கள் ஊர் கடலோரம், நிலத்தடி நீர் உப்பு. பொதுத் தொட்டி கட்டினால் யார் எவ்வளவு எடுப்பது என்று சண்டை வருமே?
— மகளிர் சுயஉதவிக் குழு, இராமநாதபுரம் மாவட்டம்

உப்பு நிலத்துக்குள் நல்ல நீரை விட்டால் குடிக்கத் திரும்பக் கிடைப்பது சந்தேகம். தேக்கி வைப்பதே சரி. சண்டை பெரும்பாலும் தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால் வருகிறது. மிதவையில் கயிறு கட்டி, கப்பி வழியாக வெளிச்சுவரில் ஒரு எடையைத் தொங்கவிடுங்கள். நீர் இறங்க இறங்க எடை மேலே ஏறும். பக்கத்தில் வண்ணத்தில் அளவுக்கோடுகள் போட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். பாதிக்கு வந்தால் வீட்டுக்கு எத்தனை குடம், கால் பங்குக்கு வந்தால் எத்தனை குடம் என்பதை மழைக்காலத்திலேயே, தொட்டி நிறைந்திருக்கும்போதே, ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள். வறட்சியில் கூடிப் பேசினால் குரல் உயரும்.

வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே தொட்டியைக் காலி செய்யும் மென்பொருள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது வெள்ளத்துக்கு அஞ்சும் பெருநகரங்களுக்கானது. உங்களுக்கு வேண்டாம்.

சேகரித்த நீரை அப்படியே குடிக்கலாமா?
— வாசகர், தூத்துக்குடி

கொதிக்க வைத்துக் குடியுங்கள். பொதுத் தொட்டியென்றால் 1,000 லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். பழைய பொட்டலத்தில் வீரியம் இருக்காது. மூடியிலும் வழிந்தோடும் குழாய் வாயிலும் கொசுவலை கட்டாயம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈயம் கலந்த பழைய பெயின்ட் அடித்த கூரை என்றால் அந்த நீர் துவைக்கவும் கழுவவும் மட்டும்.