வாடிக்கையாளரிடம் வாய்ஸ்மெயில் பாஸ்வேர்ட் கேட்கிறதே, எந்த எண்ணை மாற்ற வேண்டும்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். அலுவலக அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் பிபிஎக்ஸ் அமைப்பாக ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறீர்கள். சர்வீஸ் ஆட்கள் நான்கு பேரும் தங்கள் செல்போனில் எடுக்காத அழைப்பை அலுவலகத்தின் வாய்ஸ்மெயில் எண்ணுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். மேசை போனிலிருந்து அடித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வாடிக்கையாளர் அழைத்தால் மட்டும் மெயில்பாக்ஸ் (செய்திப் பெட்டி) எண்ணும் பாஸ்வேர்டும் கேட்கிறது.

கோவையில் சிறு நிறுவனங்களுக்கு பிபிஎக்ஸ் அமைத்துத் தருவது என் தொழில். பம்ப் சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்தில் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்து, "என்னங்க, உங்க போன் எங்கிட்ட பாஸ்வேர்ட் கேக்குது?" என்றார். அந்த மூன்று வாரத்தில் மோட்டார் ஓடாமல் அழைத்தவர்கள் எத்தனை பேர் பேசாமலே வைத்துவிட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வாய்ஸ்மெயிலுக்கு வாசல் இரண்டு. ஒன்று செய்தியைக் கேட்பதற்கு, மற்றது செய்தியை விட்டுச் செல்வதற்கு. *97 அடித்தால் உங்கள் சொந்தப் பெட்டி, *98 அடித்தால் எந்தப் பெட்டி என்று கேட்கும். இரண்டுமே கேட்பதற்கான வாசல்கள். வெளியிலிருந்து வரும் எண்ணை *98-க்குக் கொண்டுபோய் விட்டிருந்தால் அழைப்பவர் காதில் "காமெடியன் மெயில், மெயில்பாக்ஸ்?" என்றுதான் விழும். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் அஸ்டெரிஸ்க் மென்பொருளின் இயல்பான குரல் அது. இன்பவுண்ட் ரூட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பில், அந்த எண்ணைத் திறந்து, போய்ச் சேரும் இடமாக வாய்ஸ்மெயிலைத் தேர்ந்தெடுத்து, உரிய பெட்டியை, உதாரணமாக 101, வையுங்கள். 'பிஸி', 'அன்அவைலபிள்' என்று வாழ்த்து வகைகள் வரும். இரண்டாவது போதும்.

இங்கேதான் அடுத்த சிக்கல். நான்கு பேரும் ஒரே எண்ணுக்குத் திருப்பினால், வந்த அழைப்பு யாருடையது என்று பிபிஎக்ஸுக்கு எப்படித் தெரியும்? அழைத்தவர் எண் தெரியும், வந்து சேர்ந்த எண் தெரியும். நடுவில் யாருடைய செல்போனிலிருந்து திரும்பி வந்தது என்ற மூன்றாவது எண்தான் பெட்டியைத் தீர்மானிக்கிறது. சிப் (SIP, இணையம் வழி அழைப்பை இணைக்கும் முறை) அழைப்பில் அது 'டைவர்ஷன்' என்ற தலைப்பு வரியில் வரும், அல்லது 'ஹிஸ்டரி இன்ஃபோ' என்ற வரியில் வரும். ஆனால் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இந்த வரி வழியிலேயே கழன்றுவிடுவது உண்டு. அதை நம்பி டயல்பிளான் (அழைப்பை எப்படிக் கையாள வேண்டும் என்ற விதிகள்) எழுதினால், இன்று வேலை செய்வது நாளை நின்றுபோகலாம்.

அதனால் சிறிய அலுவலகத்துக்கு என் யோசனை: ஆளுக்கு ஒரு டிஐடி எண், அதாவது வெளியிலிருந்து நேராக அழைக்கக்கூடிய தனி எண், வாங்கிவிடுங்கள். நான்கு எண், நான்கு இன்பவுண்ட் ரூட், நான்கு பெட்டி. மூன்றாவது எண் வந்தாலும் வராவிட்டாலும் செய்தி சரியான ஆளிடம் போய்ச் சேரும். செலவு கொஞ்சம் கூடும்தான், ஆனால் ஒரு வாடிக்கையாளரை இழப்பதைவிட அது குறைவு.

ரூட்டில் எண்ணை எழுதும் வடிவத்தையும் பாருங்கள். அதே எண்ணை டிரங்க் (தொலைபேசி நிறுவனத்திலிருந்து உங்கள் பிபிஎக்ஸுக்கு வரும் இணைப்பு) 0422 என்று தொடங்கி அனுப்பலாம், 91422 என்று அனுப்பலாம், முன்னால் + போட்டும் அனுப்பலாம். ரூட்டில் ஒரு வடிவம், டிரங்கில் வேறு வடிவம் என்றால் பொருந்தாது. அஸ்டெரிஸ்க் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை அழைத்து, வந்ததை அப்படியே எழுதுங்கள். ஊகம் வேண்டாம்.

செல்போன் பக்கம், "எடுக்காதபோது" என்பதற்கு ஜிஎஸ்எம் குறியீடு 61, பிஸி என்றால் 67, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றால் 62. **61*, அடுத்து டிஐடி எண், அடுத்து *11*20# என்று அடித்தால் 20 வினாடிக்குப் பிறகு திரும்பும். 5 முதல் 30 வரை ஐந்து ஐந்தாகத்தான் நேரம் வைக்க முடியும். நம் ஊர் ரிங் ஒரு சுற்று 3 வினாடி, ஆக 20 என்பது ஏறக்குறைய ஏழு ரிங். மோட்டார் பக்கத்தில் நிற்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்க அது போதும். *#61# அடித்தால் இப்போது எங்கே திரும்புகிறது என்று காட்டும். போனின் அமைப்புகளிலும் இதையே மாற்றலாம். இன்னொன்று: *401 என்று தொடங்கும் எண்ணை அடிக்கச் சொல்லி யாராவது அழைத்தால் ஆட்கள் அதைச் செய்யவே கூடாது என்று சொல்லிவையுங்கள். அழைப்பைத் திருடும் மோசடி அது. தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்தச் சேவையை நிறுத்தச் சொன்னதே அதனால்தான்.

அப்புறம், 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு (அலுவலக உள் எண்) ஃபாலோ மீ, அதாவது அழைப்பை வேறு போனுக்கும் அனுப்பும் வசதி, வைத்து அதில் அதே ஆளின் செல்போனைச் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் அந்த செல்போன் திரும்பும் டிஐடி 101 எக்ஸ்டென்ஷனுக்குப் போகக் கூடாது, பெட்டிக்கு நேராகப் போக வேண்டும். இல்லையென்றால் அழைப்பு அலுவலகத்துக்கும் செல்போனுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டிகளின் பாஸ்வேர்டும் எக்ஸ்டென்ஷன் எண்ணாகவே இருந்தால், உடனே மாற்றிவிடுங்கள்.

சோதிக்கும்போது மேசை போனைத் தொடாதீர்கள். உள்ளிருந்து வரும் அழைப்பில் எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே தெரியும் என்பதால் இந்தக் கோளாறு அங்கே தெரியாது. வேறு நிறுவன சிம் உள்ள ஒரு செல்போனிலிருந்து நான்கு பேரையும் ஒவ்வொருவராக அழையுங்கள். எடுக்காமல் விடச் சொல்லி, பீப் ஒலிக்குப் பிறகு அவரவர் பெயரைச் சொல்லிப் பதியுங்கள். பிறகு நால்வரும் *97 அடித்துத் தங்கள் பெயர் கேட்கிறதா என்று பார்க்கட்டும்.