எஞ்சின் ரூமுக்கு மட்டும் ஏன் ஊர்ப்பேச்சு?

நேற்று இரவு படுக்கப் போகும் நேரத்தில் இந்தக் கேள்வி கண்ணில் பட்டது: “அறிவியல் புனைவுத் தொடர்களில் 300 வருடம் கழித்து வாழும் மனிதர்கள்கூட ஏன் ஸ்காட்லாந்து, லிவர்பூல் என்று ஊர்ப்பேச்சு பேசுகிறார்கள்? எதிர்காலத்தில் எல்லாரும் பொதுவாகத்தானே பேசுவார்கள்? கதையோடு ஒட்டவில்லையே.” விட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். முடியவில்லை.

கேட்டவர் எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் அவர் வாயைத் திறந்ததும் “நீங்க எந்தப் பக்கம்?” என்று யாரும் அவரைக் கேட்டதில்லை என்று பந்தயம் கட்டுவேன். ஒருநாளும் அப்படிக் கேட்கப்படாதவருக்குத்தான் தான் பேசுவது பொதுமொழி, மற்றவன் பேசுவது ஊர்ப்பேச்சு என்று தோன்றும். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஒரு காலத்தில் அப்படி நினைக்கப் பழகியவன்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தொடர்களுக்கு வருவோம். அந்த விண்கப்பல்களில் ஊர்ப்பேச்சு எல்லாருக்கும் கிடைப்பதில்லை, யாருக்குக் கிடைக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 1966இல் வந்த ஸ்டார் ட்ரெக்கில் கேப்டன் கர்க் சாதாரண அமெரிக்க ஆங்கிலம். கீழே எஞ்சினோடு மல்லுக்கட்டுகிற ஸ்காட்டிக்குத்தான் ஸ்காட்லாந்துப் பேச்சு. நடித்த ஜேம்ஸ் டூஹன் கனடாக்காரர், வான்கூவரில் பிறந்தவர். நடிகர் தேர்வில் பல மாதிரி பேசிக்காட்டிவிட்டு, எஞ்சினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரன்தான் பொருத்தம் என்று அவரே சொன்னாராம். 1987இல் வந்த அடுத்த தொடரில் கேப்டன் பிக்கார்ட் கதைப்படி பிரான்ஸ்காரர். பேசுவதோ கனமான நாடகமேடை ஆங்கிலம். நடித்தவர் பாட்ரிக் ஸ்டூவர்ட், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மிர்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் பிறந்து, வீட்டுப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு மேடைப் பேச்சைப் பழகியவர். பிரெஞ்சுக் கேப்டனிடம் பிரெஞ்சு வாடையே இல்லை. ஆட்களை இறக்கி ஏற்றுகிற மெஷினுக்குப் பொறுப்பான ஓ’பிரையனிடம் மட்டும் அயர்லாந்து அப்படியே இருக்கிறது. அவர் அதிகாரி தரத்தில் இல்லாதவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1988இல் வந்த ரெட் ட்வார்ஃப் இதையே சிரிப்பாக்கியது. லிஸ்டர் என்பவன் லிவர்பூல்காரன், கப்பலிலேயே கடைசித் தரத் தொழில்நுட்ப ஆள். மெஷினில் சிக்கன் சூப் வரும் குழாய் அடைத்துக்கொண்டால் எடுத்துவிடுவதுதான் அவனுக்கும் அவனுடைய மேலாள் ரிம்மருக்கும் வேலை. ரிம்மர் ஒரே ஒரு படி மேலே. அந்த ஒரு படிக்கு அவன் போடுகிற ஆட்டத்தையும் இழுத்துப் பிடித்துப் பேசுகிற பேச்சையும் பார்க்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைமார் எப்படி நிற்பார்கள் என்று தெரிந்தவனுக்கு ரிம்மரைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

அப்புறம் டாக்டர் ஹூ, காலத்தில் பயணம் செய்கிற வேற்றுக்கிரகத்து ஆளின் கதை. 2005இல் அது திரும்பி வந்தபோது டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வட இங்கிலாந்தின் சால்ஃபோர்ட்காரர், தன் வடக்குப் பேச்சிலேயே பேசினார். வேற்றுக்கிரகத்து ஆள் என்றால் ஏன் வடக்கத்தியான் மாதிரி பேசுகிறாய் என்று கூடவே பயணம் செய்கிற ரோஸ் என்ற பெண் கேட்க, எத்தனையோ கிரகங்களுக்கு வடக்கு உண்டு என்று பதில் சொல்வார். நான் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அடுத்து வந்த டேவிட் டென்னன்ட் ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் டாக்டராக லண்டன் பக்கத்துப் பேச்சுப் பேசினார். 2014இல் வந்த பீட்டர் கபால்டியும் ஸ்காட்லாந்துதான், அவர் கிளாஸ்கோ பேச்சை மாற்றவே இல்லை.

இனி என் கதை. நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம். அப்பா தேயிலை ஸ்டோரில் மெஷின் பார்த்தவர் (வெளியாட்கள் தொழிற்சாலை என்பார்கள், எங்களுக்கு அது ஸ்டோர்). கொழும்புக்கு வேலைக்கு வந்து கொட்டாஞ்சேனையில் போர்டிங். முதல் நாள் ஆபீசில் ஏதோ கேட்டார்கள், “ஆமாங்க” என்றேன். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் “ஆமாங்கோ” என்று இழுத்துச் சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, தோட்டக்காட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் என் “ஆமா” போய் யாழ்ப்பாணத்து “ஓம்” வந்துவிட்டது. “வாரேன்” போய் “வாறன்”, “பேசுறாங்க” போய் “கதைக்கினம்”. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா சாப்பிட்டியா என்று கேட்க வாய் தவறி “ஓம்” என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே, “என்னாடா, சோத்துக்கு முன்னாடி மந்திரம் சொல்றே?” என்றார். அந்தச் சிரிப்புதான் ஆபீஸ் சிரிப்பைவிட நாளாக உறுத்தியது.

யாழ்ப்பாணத்து ஆட்களைத் தாக்குகிறான் என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு: என் மனைவி பருத்தித்துறை. வீட்டில் என்னை “இஞ்சாருங்கோ” என்றுதான் கூப்பிடுகிறார், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. அவர்களுடைய பேச்சையும் கமல் அதைப் பேசி நடித்த தெனாலி வந்த 2000இலிருந்து தமிழ்நாட்டில் பாதிப் பேர் பகிடியாகத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு ரிம்மர் இருக்கிறான். ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பார்த்து நான் போன் எடுத்தபோது, சொந்த இடம் எது என்று கேட்டார்கள். அட்டன் என்றேன். வீடு கொடுத்தாயிற்றாம். அடுத்த நாள் மனைவி அதே நம்பருக்கு எடுத்தார், வந்து பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. இப்போது தெஹிவளையில் இருக்கிறோம், தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறாது, ஆனால் கேள்வி கேட்காத வீட்டுக்காரர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் வாயில் வந்துவிட்டது. தமிழர்கள் நாம் உன் தமிழா என் தமிழா என்று அடித்துக்கொண்டிருக்க, இந்த ஊரில் பெயர்ப்பலகைத் தமிழை யார் எழுதுகிறார்கள் என்றே தெரியவில்லை. பஸ் ஆசனத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்பதில் “தா” இருக்க வேண்டிய இடத்தில் “நா” போட்டிருந்த படம் ஒரு காலத்தில் எல்லார் போனிலும் சுற்றியது. எல்லாரும் சிரித்தோம், அனுப்பினோம், முடிந்தது. மூன்று பாஷையும் தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் பார்த்துத் திருத்தியிருப்பார். சரி, விடுங்கள்.

2015இல் தொடங்கிய தி எக்ஸ்பான்ஸ் பார்த்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் கேள்வியை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருக்கிற சிறுகோள் பட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்கிற ஜனங்கள், பெல்ட்டர்கள். பல மொழிச் சொற்களைக் கலந்து அவர்களுக்கென்று ஒரு பேச்சை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் உருவாக்கிக் கொடுத்தார். தூரத்திலிருந்து பனிக்கட்டியை இழுத்து வருவது அவர்கள்தான், அவர்கள் வீட்டுக்குழாயில் தண்ணீர் அளந்துதான் வரும். கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டில் டஸ்ட் தேயிலை குடித்து வளர்ந்தவன் நான், அந்தக் காட்சிக்கு எனக்கு சப்டைட்டில் வேண்டியிருக்கவில்லை. அதில் மில்லர் என்று ஒரு போலீஸ்காரன். பட்டையிலேயே பிறந்தவன், பூமிக்காரர்களின் கம்பெனிக்கு வேலை செய்கிறான், பூமிக்காரன் மாதிரியே பேசுகிறான், தலையில் ஒரு தொப்பி. அவனுடைய ஆட்களே அவனை வெல்வாலா என்பார்கள். ஈர்ப்புவிசைக் கிணற்றில் கிடக்கிறவர்கள் மேல் ஆசை வைத்தவன், அதாவது துரோகி. அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டபோது “சோத்துக்கு முன்னாடி மந்திரம்” ஞாபகம் வந்து தொடரை நிறுத்திவிட்டேன். இன்னொன்று: விண்வெளி உடைக்குள் இருந்தால் தலையாட்டுவதோ முகமோ தெரியாதென்பதால் அவர்கள் கையால்தான் நிறையப் பேசுவார்கள்.

எனக்கு டப்பிங் வேலை வந்ததும் அந்த நாட்களில்தான். பிள்ளைகளுக்கான விண்வெளிக் கார்ட்டூன் ஒன்று, பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டின் மேல்மாடி அறை, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, ரெக்கோடிங் நேரத்தில் சத்தம் வரும் என்று ஏசியை நிறுத்திவிடுவார்கள். கேப்டனுக்குக் குரல் கொடுத்தவர் வானொலித் தமிழில் மணிமணியாகப் பேசினார். எஞ்சினியர் எனக்கு. முதல் வசனத்தைச் சுத்தமாகப் பேசி முடித்தேன். டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “தம்பி, உமக்குத் தோட்டப் பேச்சு வரும்தானே? அதில ஒருக்கா போட்டுப் பாருமன், பகிடியா இருக்கும்” என்றார். கெட்ட மனுசன் இல்லை, அன்றைக்கு மத்தியானச் சாப்பாடும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

போட்டேன். “தாங்காதுங்க தொரை, ரோதை சுத்த மாட்டேங்குதுங்க!” என்று கத்தினேன். எழுதிக் கொடுத்த தாளில் தொரையும் (தோட்டத்து துரை) இல்லை, ரோதையும் (மெஷின் சக்கரம்) இல்லை, நானாகச் சேர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐந்தாறு வருடமாக ஒளித்து வைத்திருந்ததை ஏசி இல்லாத அறையில் நானே எடுத்து விற்றேன். கேட்டது அவர், ஆனால் அந்த “தொரை”யைப் போட்டது நான்தானே.

ஸ்டோரில் ரோதைமுனி என்று மெஷினுக்கே ஒரு சாமி உண்டு, அப்பா அதைக் கும்பிடாமல் சுவிட்சில் கை வைக்க மாட்டார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) படுத்துக்கொண்டே எந்த ரோதையில் பேரிங் தேய்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். மெஷின் நின்றால் அவர் பேச்சு குறைந்துவிடும். “நிப்பாட்டு. கைய எடு.” அவ்வளவுதான். அது ஞாபகம் வந்து, இன்னொரு டேக் கேட்டேன். அதே தோட்டப் பேச்சு, ஆனால் அப்பா மாதிரி மெதுவாக, “தாங்காதுங்க. நிப்பாட்டிருங்க.” அறை அமைதியாக இருந்தது. “நல்லா இருக்கு தம்பி, ஆனா பகிடி இல்லையே” என்றார் டைரக்டர். முதல் டேக்கைத்தான் வைத்துக்கொண்டார்கள். காசு மூன்று மாதம் கழித்து வந்தது, அதுவும் நான் ஆறு தடவை போன் எடுத்த பிறகு.

ஆகவே எதிர்காலத்தில் ஊர்ப்பேச்சு இருக்குமா என்றால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆட்கள் ஓரிடத்தில் இல்லாதவரை பேச்சும் ஒன்றாகாது, பட்டையில் கூலி வேலைக்குப் போனால் பட்டைப் பேச்சு வரும். எனக்குக் கதையோடு ஒட்டாதது, கேப்டனாக அதைப் பேசுகிறவன் அபூர்வமாக இருப்பதுதான். மொழியியல் படித்தவர்கள் வந்து திருத்தலாம், நான் படித்தது கணக்கியல்.

அந்தக் கார்ட்டூன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போனது. ஊரில் சொல்லாதே என்று தங்கையிடம் சொல்லியிருந்தேன், அவள் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மத்தியானம் அப்பா போன் எடுத்தார். சாப்பாடு, மழை, கொழுந்து விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு, “அந்த மெஷின்காரனுக்குப் பேசுனது நீதானா?” என்றார்.

“ஆமாப்பா.”

“நம்ம பேச்சுதான், சரி. ஆனா ஸ்டோர்ல எவன்டா அப்பிடிக் கத்துவான்? மெஷின் ஓடுற சத்தத்துல என்னா கேக்கும்? கையில்ல காட்டுவோம்.”